வல்லாரைக் கீரை: உணவாகக் கொள்ளுங்கள், சிகிச்சைக்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள்

நாஞ்சில் நாட்டு மக்களுக்கு வல்லாரையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் பெய்யும் கன்னியாகுமரி மாவட்டத்தில் வயல் வரப்பு, குளக்கரை, சானல் ஓரம், தென்னந்தோப்பின் ஈர நிழல், கிணற்றடி எனப் பல இடங்களில் அது தானாகவே படர்ந்து கிடக்கிறது. சந்தைகளிலும் கட்டுக்கட்டாக விற்பனைக்கு வருகிறது. "வல்லாரை உண்டால் நினைவாற்றல் பெருகும்" என்பதும் இங்குள்ள ஒவ்வொரு வீட்டிலும் வழங்கும் கூற்றே.

இந்தக் கூற்றை நம்பிப் பலர் கீரையை உணவில் சேர்த்துக்கொள்கின்றனர். அதில் தவறில்லை. ஆனால் சிலர், முதியவருக்கு வந்துள்ள மறதிக்கோ, குழந்தையின் வலிப்பு நோய்க்கோ, ஆறாத புண்ணுக்கோ இக்கீரையை மட்டுமே நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர். சிலர் உட்கொண்டுவரும் மாத்திரைகளையே நிறுத்திவிடுகின்றனர். இவ்வாறு இழக்கப்படும் மாதங்கள் சில நோய்களில் மீட்க முடியாதவை. வல்லாரையால் பெறத்தக்க பயன் எது, அதனிடம் எதிர்பார்க்கக் கூடாதது எது என்பதை நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் விளக்குவதே இப்பக்கத்தின் நோக்கம்.

முதலில் அறிய வேண்டியவை

• நன்கு கழுவிச் சமைத்த வல்லாரை, பெரும்பாலானோருக்கு ஏற்ற சத்தான கீரை.
• மறதிநோயையோ வலிப்பு நோயையோ வல்லாரை குணப்படுத்தும் என்பதற்குப் போதிய அறிவியல் சான்று இல்லை.
• மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வல்லாரைச் சாறு அருந்துவது ஆபத்தானது.
• தூள், மாத்திரை, செறிவூட்டிய சாறு ஆகியவை கீரையைப் போன்றவை அல்ல. அவற்றை மருத்துவரின் ஆலோசனையுடன் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

வல்லாரை எத்தகைய செடி?

வல்லாரை தரையோடு படர்ந்து வளரும் பல்லாண்டுச் செடி. அதன் தாவரவியல் பெயர் சென்டெல்லா ஆசியாட்டிகா. கொத்தமல்லி, சீரகம், சோம்பு ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. மலையாளத்தில் முத்தில், குடங்கல் என்றும், சிங்களத்தில் கொட்டுகொல என்றும், மலாய் மொழியில் பெகாகா என்றும் வழங்கப்படுகிறது. ஆயுர்வேத நூல்களில் இதன் பெயர் மண்டூகபர்ணி.

தண்டு மெல்லிய கொடியாக நிலத்தில் ஓடும். ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கும். அங்கிருந்து நீண்ட காம்புடன் இலைகள் எழும். இலை சிறுநீரக வடிவில், காம்பு சேருமிடத்தில் பிளவுபட்டு, விளிம்பில் மழுங்கிய பற்களுடன் இருக்கும். இலையடியில் மறைந்தாற்போல் மிகச் சிறிய, வெளிர்சிவப்பு நிறப் பூக்கள் காணப்படும். ஒரு கணுவை ஈரமண்ணில் ஊன்றினால் போதும். சில வாரங்களில் தொட்டி முழுதும் படர்ந்துவிடும்.

வேறு செடிகளுடன் குழப்பிக்கொள்ளாதீர்கள்

'பிராமி' என்ற பெயர் இரண்டு வெவ்வேறு செடிகளுக்கு வழங்கப்படுகிறது. சில இடங்களில் அது வல்லாரையைக் குறிக்கும். வேறு சில இடங்களில் நீர்ப்பிரமியைக் குறிக்கும். நீர்ப்பிரமியின் இலைகள் சிறியவை, தடித்தவை, நீள்வட்டமானவை. தண்டின் இருபுறமும் எதிரெதிராக, ஏறத்தாழக் காம்பின்றி அமைந்திருக்கும். இரண்டின் வேதிப்பொருள்களும் வேறு. ஆதலால் 'பிராமி' என்ற பெயரை மட்டும் பார்த்து ஒரு தூளையோ மாத்திரையையோ வாங்குவோர், அதில் எந்தச் செடி உள்ளது என்பதைப் பொதியின் மீது படித்தறிய வேண்டும்.

அலங்காரத் தொட்டிகளிலும் நீர்த்தொட்டிகளிலும் வளர்க்கப்படும் நாணய வடிவ இலைச் செடியொன்றும் வல்லாரையைப் போலத் தோன்றும். அதன் இலையில் காம்பு நடுவில் குடைபோலப் பொருந்தியிருக்கும். வல்லாரையில் பிளவின் அடியில் பொருந்தியிருக்கும். ஐயம் எழுந்தால் பறிக்காமல் விடுவதே நன்று.

உணவாக வல்லாரை

பிற கீரைகளைப் போலவே வல்லாரையிலும் நார்ச்சத்து, சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, வைட்டமின் ஏ-யாக உடலில் மாறும் கரோட்டின் ஆகியவை உள்ளன. நம் மாவட்டத்தில் தேங்காய்த் துருவலுடன் துவரனாகவோ, பருப்புடன் கூட்டாகவோ, புளியும் மிளகாயும் சேர்த்துத் துவையலாகவோ இதனைச் செய்கின்றனர். இலங்கையில் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சம்பலாக உண்கின்றனர்; இலைக்கஞ்சியிலும் சேர்க்கின்றனர்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கீரைகளை அன்றாட உணவின் ஒரு பகுதியாகப் பரிந்துரைக்கிறது. இதனை நிறைவேற்ற வல்லாரை ஒன்றையே நாள்தோறும் உண்ண வேண்டியதில்லை. முருங்கை, அரைக்கீரை, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றுடன் மாற்றி மாற்றி, வாரத்தில் ஓரிரு நாள் வல்லாரையையும் சேர்த்துக்கொள்ளலாம். கீரையிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர, அதே வேளை உணவில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ இடம்பெறுவது உதவும். உணவுடனோ உணவு முடிந்த உடனேயோ தேநீர் அருந்தினால் அச்சத்து சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது கழித்து அருந்துங்கள்.

எங்கே பறிப்பது, எவ்வாறு கழுவுவது?

வல்லாரை தரையை ஒட்டி, ஈரத்தில் வளர்வது. ஆதலால் நிலத்திலும் நீரிலும் உள்ள அழுக்கு முழுவதும் அதில் படியும். மாசடைந்த மண்ணிலிருந்து காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் அது உறிஞ்சும். இவ்வுலோகங்கள் கழுவினாலும் சமைத்தாலும் நீங்குவதில்லை. எனவே பின்வரும் இடங்களில் பறிக்காதீர்கள்:

• கழிவுநீர் கலக்கும் சானல், ஓடை, குளக்கரை
• போக்குவரத்து மிகுந்த சாலையோரம், குப்பை கொட்டும் இடம், பட்டறைகளின் அருகு
• கன்னிப்பூ, கும்பப்பூப் பருவங்களில் பூச்சிக்கொல்லியோ களைக்கொல்லியோ தெளித்த வயல்களின் வரப்பு
• கால்நடைகளும் எலிகளும் மிகுதியாக நடமாடும் சேற்று நிலம்

பறித்த கீரையின் வேரையும் பழுத்த இலையையும் நீக்கி, ஓடும் நீரில் ஒவ்வொரு கைப்பிடியாகப் பிரித்து, குறைந்தது மூன்று முறை கழுவுங்கள். உப்பும் மஞ்சள்தூளும் கலந்த நீரில் சிறிது நேரம் ஊறவைப்பது மண்ணையும் சிறு புழுக்களையும் பிரிக்க உதவும். ஆனால் அது நோய்க்கிருமிகளை முழுதாக அழிக்காது. சமைப்பதே உறுதியான வழி. சிறு குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர் ஆகியோருக்குப் பச்சையாக அரைத்த சாற்றையோ சம்பலையோ தர வேண்டாம்.

மழைக்காலத்தில் தேங்கிய நீரில் வெறுங்காலுடன் இறங்கிக் கீரை பறிப்போருக்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள வெடிப்பு வழியாகவும் சிறு காயம் வழியாகவும் எலிக்காய்ச்சலை உண்டாக்கும். நீரில் இறங்கி ஓரிரு வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்கால் தசைவலி, கண்சிவப்பு ஆகியவை தோன்றினால், "வயல் நீரில் இறங்கினேன்" என்பதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் எளிய மருந்துகளால் குணமாகும்; தாமதித்தால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

மருத்துவப் பயன் பற்றி அறிவியல் கூறுவது என்ன?

வல்லாரையை மருத்துவ உலகம் புறக்கணித்துவிட்டது என்று சிலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த காலத்தில், அம்மன்னரின் அரசவை மருத்துவராகப் பணியாற்றியவர் எட்வர்டு ஜான் வேரிங். பின்னர் அவர் தொகுத்து 1868-இல் வெளியான 'பார்மகோபியா ஆஃப் இந்தியா' என்ற மருந்து நூலில் வல்லாரைக்கு இடமளிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1855-இல், சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவர் ஹண்டர் இதனை நோயாளிகளுக்குத் தந்து பார்த்தார். நோயாளிகளின் பொது உடல்நிலை ஓரளவு தேறுகிறது, ஆனால் தொழுநோயைத் தீர்க்கும் மருந்தாக இதனைக் கொள்ள முடியாது என்பதே அவர் கண்ட முடிவு. இன்று தொழுநோய், அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சையால் முழுமையாகக் குணமாகிறது.

1941-இல் இச்செடியிலிருந்து அசியாட்டிகோசைடு என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இதுவும் இதனோடு தொடர்புடைய பொருள்களும் தோலில் கொலாஜன் என்னும் இழைப்புரதம் உருவாவதைத் தூண்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட மூலிகைத் தொகுப்பு, காயம், தீக்காயம், தோற்புண், தடித்த தழும்பு ஆகியவற்றில் வல்லாரைச் சாரத்தின் பயனுக்கு மருத்துவ ஆய்வுச் சான்று உள்ளதாகக் குறிப்பிடுகிறது. இச்சான்று, தூய்மையாகத் தயாரித்து அளவு நிர்ணயித்த மருந்துகளுக்குரியது. வீட்டில் அரைத்த இலைக்குரியதன்று.

நினைவாற்றல் குறித்த நிலை வேறு. மனிதர்களிடம் நடந்த 11 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு மீளாய்வு, நினைவு, கவனம் முதலிய அறிவாற்றல் கூறுகள் எதிலும், மருந்தற்ற போலி மாத்திரையைவிட வல்லாரை குறிப்பிடத்தக்க அளவு மேம்பாடு தருவதாகக் காணவில்லை. உட்கொண்ட சிறிது நேரத்தில் விழிப்புணர்வும் மனநிலையும் சற்று மேம்படலாம் என்ற அளவிலேயே அதன் முடிவு அமைந்தது. ஆய்வுகள் சிறியவை என்பதால் இதுவே இறுதித் தீர்ப்பு என்று கூற இயலாது. எனினும், ஒரு நோயாளியின் சிகிச்சையை இதன்மீது மட்டும் ஏற்றிவைப்பதற்கான சான்று இன்று இல்லை.

முதியோரின் மறதி: காலந்தாழ்த்தாதீர்கள்

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 68 வயதுத் தாயார் சில மாதங்களாக அடுப்பை அணைக்க மறக்கிறார். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறார். எப்போதும் சோர்வாக இருக்கிறார். "வயதானால் மறதி இயல்புதானே" என்று எண்ணி, மகள் நாள்தோறும் காலையில் வல்லாரைச் சாறு தருகிறார். ஓராண்டு கழிகிறது. பின்னர் இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்புக் குறைவு என்று தெரியவருகிறது. நாளொன்றுக்கு ஒரு சிறிய மாத்திரையால் சரிசெய்திருக்கக்கூடிய நிலை அது. மகளின் அன்பில் குறையில்லை. பரிசோதனைதான் ஓராண்டு பிந்திவிட்டது.

மறதியும் குழப்பமும் பல காரணங்களால் வரும். அவற்றுள் முழுமையாகவோ பெருமளவிலோ சரிசெய்யத்தக்கவை:

• தைராய்டு சுரப்புக் குறைவு
• வைட்டமின் பி12 குறைவு. நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக உட்கொள்வோருக்கும், இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றைத் தவிர்ப்போருக்கும் இது நேரலாம்.
• மனச்சோர்வு. துணையை இழந்த முதியோரிடம் இது மறதியாகவே தோன்றும்.
• தூக்க மாத்திரை உள்ளிட்ட சில மருந்துகளின் விளைவு
• கீழே விழுந்து தலையில் அடிபட்ட பின், சில வாரங்கள் கழித்தும் மூளையின் மேலுறையில் தேங்கும் இரத்தக்கட்டு
• காது கேளாமை, பார்வைக் குறைவு
• சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் சோடியம் குறைதல்

அல்சைமர் போன்ற, முழுதும் குணப்படுத்த இயலாத மறதிநோயாக இருப்பினும் தொடக்கத்திலேயே அறிவது பயனுடையது. நோயின் போக்கைச் சிறிது காலம் தாங்கிப்பிடிக்கும் மருந்துகள் உள்ளன. இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்தலாம். வீட்டில் விபத்து நேராதவாறு ஏற்பாடு செய்யலாம். சொத்து, மருத்துவம் ஆகியவை குறித்த அவருடைய விருப்பத்தை, அவரே எடுத்துரைக்கக் கூடிய காலத்தில் கேட்டறியலாம்.

பரிசோதனைக்குப் பின், உணவில் வல்லாரைத் துவையல் தொடரலாமா என்றால், தாராளமாகத் தொடரலாம். பரிசோதனையைத் தவிர்ப்பதற்குரிய காரணமாக அது ஆகிவிடக் கூடாது.

வலிப்பு நோய்: மாத்திரையை நிறுத்தாதீர்கள்

வலிப்பு நோயுள்ள குழந்தைக்கு வல்லாரைச் சாறோ வல்லாரை நெய்யோ தொடங்கும்போது, மாத்திரையை நிறுத்திவிடும் வழக்கம் சில குடும்பங்களில் உள்ளது. இது மிகவும் ஆபத்தானது. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், இடைவிடாத வலிப்பு ஏற்பட்டு மூளை பாதிக்கப்படலாம், உயிரிழப்பும் நேரலாம். பல மாதங்கள் வலிப்பு வராமலிருப்பது நோய் நீங்கியதற்கு அடையாளமன்று. மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கே அடையாளம். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரின் முடிவாக, படிப்படியாக நடைபெற வேண்டும்.

'நினைவாற்றல் டானிக்' என விற்கப்படும் பலவற்றில் வல்லாரையுடன் சங்கபுஷ்பியும் கலந்திருக்கும். சங்கபுஷ்பி சேர்ந்த மருந்தை உட்கொண்ட நோயாளிகளில், ஃபெனிட்டாய்ன் என்ற வலிப்பு மருந்தின் அளவு இரத்தத்தில் குறைந்து, அடங்கியிருந்த வலிப்பு திரும்பியது 1992-இல் பதிவாகியுள்ளது. எனவே டானிக்கின் புட்டியை மருத்துவரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம்.

ஒருவருக்கு வலிப்பு வந்தால் அவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். இலைச்சாறும் புகட்டாதீர்கள், அது மூச்சுக்குழாயில் சென்றுவிடும். வலிப்பு 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

தேர்வுக் கால மாணவர்கள்

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் நெருங்கும்போது வல்லாரைத் தூளும் மிட்டாயும் வாங்கித் தரும் பெற்றோர் பலர். படித்தது நினைவில் நிற்கவில்லை என்று பிள்ளை கூறினால், அதன் காரணத்தை முதலில் ஆராயுங்கள். போதிய உறக்கமின்மை, காலை உணவைத் தவிர்த்தல், இரத்தசோகை, பார்வைக் குறைவு, மன அழுத்தம் ஆகியவையே பெரும்பாலான காரணங்கள். படித்தவை மூளையில் நிலைபெறுவதில் உறக்கத்திற்கு முக்கியப் பங்குண்டு. இரவு முழுதும் விழித்துப் படிப்பதை எந்தக் கீரையும் ஈடுசெய்யாது. வளரிளம் பருவத்தினருக்குப் பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையை உட்கொள்ளச் செய்யுங்கள். எழுத்துகளைப் படிப்பதிலேயே தொடர்ந்து இடர்ப்படும் குழந்தைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். அவருக்குத் தேவை மதிப்பீடும் பயிற்சியுமே.

புண், தீக்காயம்

வல்லாரையின் பொருள்கள் புண்ணாற்ற உதவும் என்பதால், பறித்த இலையைக் கசக்கித் திறந்த புண்ணில் வைக்கலாம் என்று பொருளன்று. மண்ணில் வளர்ந்த இலை, தசைவிறைப்புச் சன்னியை உண்டாக்கும் கிருமி உட்படப் பல கிருமிகளைப் புண்ணுக்குள் கொண்டுசெல்லும். தீக்காயம் பட்டவுடன் ஓடும் குளிர்ந்த குழாய் நீரில் 20 நிமிடங்கள் காட்டுங்கள். இலை, பற்பசை, மை எதையும் பூசாதீர்கள். நீரிழிவு உள்ளவரின் காலில் சிறு கொப்புளம் தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லாததால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடாதீர்கள். உணர்விழந்த காலில் புண் வலிக்காமலேயே ஆழமாகும். பச்சிலைக் கட்டின்கீழ் மறைந்துபோகும் சில நாள்கள், ஒரு விரலையோ காலையோ காப்பதற்குரிய நாள்களாக இருக்கக்கூடும்.

யார் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்?

கல்லீரல் நோயுள்ளோர்: வல்லாரைத் தயாரிப்புகளை 20 முதல் 60 நாள்கள் வரை உட்கொண்ட மூன்று பெண்களுக்கு மஞ்சள் காமாலை ஏற்பட்டதாக அர்ஜென்டினா மருத்துவர்கள் 2005-இல் பதிவுசெய்தனர். நிறுத்தியபின் மூவரும் தேறினர். அவர்களுள் ஒருவர் மீண்டும் உட்கொண்டபோது பாதிப்பும் மீண்டது. இது அரிதானது, உணவாக உண்ணும் கீரைக்கு இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் கல்லீரல் நோயுள்ளோரும் மதுப்பழக்கமுள்ளோரும் தூள், மாத்திரை வடிவங்களைத் தவிர்க்க வேண்டும்.

கருவுற்றோர், பாலூட்டுவோர்: செறிவூட்டிய தயாரிப்புகள் கருவுற்ற காலத்தில் பாதுகாப்பானவை என நிறுவப்படவில்லை. சமைத்த கீரையை அளவோடு உண்ணலாம்.

வார்ஃபரின், அசெனோகூமரால் உட்கொள்வோர்: இதய வால்வு மாற்றியோர் போன்றோருக்கு இரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் மருந்துகள் இவை. எல்லாக் கீரைகளிலும் வைட்டமின் கே உள்ளது. அது இம்மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணுங்கள். திடீரெனக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

நாட்பட்ட சிறுநீரக நோயுள்ளோர்: கீரைகளிலுள்ள பொட்டாசியம் உடலில் தேங்கினால் இதயத் துடிப்பு பாதிக்கப்படும். எந்தக் கீரையை எவ்வளவு உண்ணலாம் என்பதை மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்டறியுங்கள். சாறாக அருந்துவதைத் தவிருங்கள்.

தூக்க மாத்திரை, மனநல மருந்து உட்கொள்வோர்: செறிவூட்டிய வல்லாரை மயக்கத்தைக் கூட்டலாம்; அதனால் முதியோர் கீழே விழ நேரலாம். அறுவை சிகிச்சைக்கு முன்னரும் இத்தகைய தயாரிப்புகள் குறித்து மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

ஒவ்வாமை உள்ளோர்: சிலருக்கு வல்லாரைக் களிம்பு தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். தோன்றினால் உடனே நிறுத்துங்கள்.

சித்த, ஆயுர்வேத மருந்துகளை உட்கொள்ள விரும்பினால்

வல்லாரை சேர்ந்த மருந்துகள் சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளன. அவற்றை உட்கொள்ள விரும்புவோர், அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ள சித்த மருத்துவப் பிரிவிலோ, நாகர்கோவிலிலுள்ள அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தகுதிபெற்ற மருத்துவரை அணுகலாம். இரு மருத்துவர்களிடமும் இரு பக்க மருந்துகளையும் காட்டுங்கள். எதையும் மறைக்க வேண்டிய தேவையில்லை. மறைப்பதால் பாதிக்கப்படுபவர் நோயாளியே. உரிம எண், தயாரித்த நாள், காலாவதி நாள், உட்பொருள்கள் ஆகியவை அச்சிடப்படாத பொதிகளை வாங்காதீர்கள்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

• கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், பசியின்மை, உடல் அரிப்பு
• சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரெனத் தோன்றும் குழப்பம், ஆளை அடையாளம் தெரியாமை
• முகம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறல். இவை பக்கவாதத்தின் அறிகுறிகள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியமானது. உடனே 108-ஐ அழையுங்கள்.
• தலையில் அடிபட்டபின் தலைவலி, வாந்தி, அளவுக்கு மீறிய உறக்கம்
• முதன்முறையாக வரும் வலிப்பு

பராமரிப்போருக்கு ஒரு சொல்

நோயுற்ற பெரியவருக்காக அதிகாலையில் கீரை ஆய்ந்து, அரைத்து, வடிகட்டித் தரும் கைகளின் உழைப்பை மருத்துவர்கள் அறிவார்கள். அந்த அக்கறையை விட்டுவிடுமாறு எவரும் கூறவில்லை. அதனுடன் மூன்று செயல்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மறதி எப்போது தொடங்கியது, எவ்வாறு மாறியது என்பதை ஒரு தாளில் குறித்துவையுங்கள். அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், டானிக், தூள், சாறு உட்பட, ஒரு பையில் இட்டு மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். மருத்துவமனைக்கு வர இயலாதவராயின், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உங்கள் பகுதிக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ தெரிவியுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், முதியோருக்கான உதவிக்கு 14567 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.

வல்லாரை தட்டில் இருக்கட்டும். மாத்திரை உரிய வேளையில் தவறாமல் தொடரட்டும். பரிசோதனை இவ்வாரமே நடக்கட்டும்.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது விழிப்புணர்வுக்கானவை. தனிப்பட்ட சிகிச்சை குறித்து அருகிலுள்ள அரசு மருத்துவரை நேரில் அணுகவும்.